சட்டப் படிப்பின் முதலாம் ஆண்டில் எனக்குத் துணைநின்றவர்களுக்கு

அன்புக்குரிய எல்லோருக்கும் வணக்கம்.

முதலாம் ஆண்டுத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. எல்லாப் பாடங்களிலும் தேறிவிட்டேன். உங்களில் பெரும்பாலோரை நேரில் பார்த்து நன்றி சொன்னேன். ஆனாலும் மனம் அடங்கவில்லை. நீங்கள் எனக்குச் செய்தது இன்னதென்று நாலு பேர் அறிய எழுதினால்தான் ஆறும் போலிருந்தது. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டீர்கள். அதனால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் எனக்கு முன் சட்டம் படித்தவர் யாரும் இல்லை. முதல் வாரங்களில் என்னை வாட்டிய கவலை ஒன்றுதான்: ஒரு தீர்ப்பை எப்படிப் படிப்பது? நீளமான தீர்ப்பில் எது வழக்கின் சங்கதி, எது வழக்கறிஞரின் வாதம், எது நீதிபதியின் முடிவு? அந்த முடிவிலும் பிற்கால நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் பகுதி எது, போகிற போக்கில் சொன்ன கருத்து எது? பாடப்புத்தகம் ரேஷியோ, ஒபிட்டர் என்று இரண்டு வரியில் விளக்கம் கொடுத்துவிடும். தீர்ப்பைத் திறந்தால் எல்லாப் பத்தியும் ஒரே முகத்தோடு நிற்கும்.

அந்தக் குழப்பத்திலிருந்து என்னை முதலில் வெளியே கொண்டுவந்தவர் நீங்கள்தான், டார்ட்ஸ் (ஒருவர் மற்றவருக்கு இழைக்கும் தீங்குக்கு இழப்பீடு கேட்கும் சட்டம்) எடுத்த மேடம். டோனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கைத் தொடங்கிய அன்று நீங்கள் கேட்ட முதல் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "அந்தப் பாட்டிலுக்குக் காசு கொடுத்தது யார்?"

கதை எங்களுக்குத் தெரியும். 1928 ஆகஸ்ட் 26. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு கஃபே. மே டோனஹ்யூ என்ற பெண் ஜிஞ்சர் பீர் குடிக்கிறார். உள்ளே இருப்பது தெரியாத பாட்டில். கொஞ்சம் குடித்த பிறகு மிச்சத்தை ஊற்றினால் அழுகிய நத்தை வந்து விழுகிறது. உடம்புக்கு முடியாமல் போய் வழக்குப் போடுகிறார். காசு கொடுத்தது யார் என்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கூட வந்த நண்பர்தான் வாங்கித் தந்தார் என்று தேடிக் கண்டுபிடித்ததும் வழக்கு முழுவதும் துலங்கியது. வாங்கியவர் நண்பர் என்பதால் கடைக்காரருக்கும் மே டோனஹ்யூவுக்கும் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லாததால் அந்த வழியில் இழப்பீடு கேட்க முடியாது. ஜிஞ்சர் பீரைத் தயாரித்த ஸ்டீவன்சனோ அவரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் ஸ்டீவன்சனுக்கு ஏதாவது கடமை உண்டா? இந்த ஒரு கேள்விதான், அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை வரை போனது. 1932 மே 26 அன்று மூன்று நீதிபதிகள் உண்டு என்றார்கள், இரண்டு பேர் இல்லை என்றார்கள். என் செயலால் நேரடியாகப் பாதிக்கப்படக்கூடியவர் என்று நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டிய எவரும் சட்டத்தின் கண்ணில் எனக்கு அண்டை வீட்டார்தான் என்று லார்ட் அட்கின் எழுதியது அந்தத் தீர்ப்பில்தான்.

அடுத்து, "நத்தை இருந்தது நிஜமா?" என்று கேட்டீர்கள். வகுப்பே ஆமாம் என்றது. "எந்தப் பக்கத்தில் நிரூபணமாகியிருக்கிறது, காட்டுங்கள்" என்றீர்கள். புரட்டிப் புரட்டிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. புகாரில் சொன்னது உண்மை என்று வைத்துக்கொண்டால் சட்டப்படி வழக்கு நிற்குமா என்பதை மட்டுமே பிரபுக்கள் அவை முடிவு செய்தது. பிறகு வழக்கு சமரசத்தில் முடிந்ததால் நத்தையைப் பற்றிச் சாட்சி விசாரணையே நடக்கவில்லை. ஒரு நீதிமன்றம் எதை முடிவு செய்தது, எதை முடிவு செய்யாமல் விட்டது என்று பிரித்துப் பார்க்க அன்றுதான் கற்றேன். அதற்குப் பிறகு நான் படித்த எல்லாத் தீர்ப்புகளுக்கும் அதுவே வாசல்.

மூன்றாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. "கடையில் வேலை பார்த்த ஏழைப் பெண் பிரபுக்கள் அவை வரை எப்படிப் போனார்?" தன் மொத்த உடைமை ஐந்து பவுண்டுகூடத் தேறாது என்று பிரமாணம் எழுதிக் கொடுத்து, ஏழை வழக்காளியாக மேல்முறையீடு செய்ய அனுமதி வாங்கினார் அவர். அவருக்காக வழக்கை எடுத்தவர் வால்டர் லீச்மன் என்ற வழக்கறிஞர். அதற்குச் சில வாரங்கள் முன்புதான், ஜிஞ்சர் பீர் பாட்டிலில் எலி கிடந்ததாகத் தொடுத்த வழக்கில் லீச்மனின் கட்சிக்காரர்கள் தோற்றிருந்தார்கள். தோற்ற சூட்டிலேயே, அதே வாதத்தோடு, அவர் மறுபடி கிளம்பினார். அட்கினின் பெயர் எல்லாச் சட்ட மாணவர்களுக்கும் தெரியும். லீச்மனின் பெயரைத் தெரிந்தவர்கள் குறைவு. காசு கொடுத்த நண்பருக்குத் தீர்ப்பில் பெயரே இல்லை. மேடம், என் முதலாம் ஆண்டிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

கேள்வி கேட்டே பாடம் நடத்தும் இந்த முறைக்கு வழிபோட்டவர் லேங்டெல். 1870-ல் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் டீனாகி, மறு ஆண்டே ஒப்பந்த வழக்குகளின் தொகுப்பை வெளியிட்டவர். இந்த முறையை மாணவரை வகுப்பு நடுவே நிற்கவைத்துக் கூசவைக்கப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. நீங்கள் பதில் வரும்வரை காத்திருந்தீர்கள். அந்தக் காத்திருப்புக்குத் தனியாக ஒரு நன்றி.

நூலகர் ஐயா, வழக்கு எண்களைப் பார்த்து மிரண்டு நின்ற என்னை அலமாரி அலமாரியாக அழைத்துப் போனீர்கள். [1932] ஏ.சி. 562 என்றால் 1932-ம் ஆண்டின் 'அப்பீல் கேஸஸ்' தொகுதியில் 562-ம் பக்கம். ஆண்டு சதுர அடைப்பில் இருந்தால் அந்த ஆண்டை வைத்துத்தான் தொகுதியைத் தேட வேண்டும். (1854) 9 எக்ஸ். 341 என்று ('எக்ஸ்.' என்பது எக்ஸ்செக்கர் நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பு) வளைந்த அடைப்பில் இருந்தால் தொகுதி எண் ஒன்பதே போதும், ஆண்டு வெறும் தகவல். எல்லாம் கணினியில் கிடைக்கும் காலத்தில் இது எதற்கு என்று ஒருவர் கேட்டார். நீங்கள் அவருக்குப் பதில் சொல்லாமல், தொகுதியை விரித்து, அந்தத் தீர்ப்புக்கு முன்னும் பின்னும் இருந்த வழக்குகளைப் படிக்கச் சொன்னீர்கள். ஒரு தீர்ப்பு எந்தக் காலத்துச் சச்சரவுகளுக்கு நடுவே பிறந்தது என்று திரையில் தேடினால் தெரியாது.

சீனியர் அக்கா, உங்களிடம் நோட்ஸ் கேட்டு வந்தேன். "நோட்ஸ் தரமாட்டேன், ஒரு சாயங்காலம் தர்றேன்" என்றீர்கள். அன்று சேர்ந்து படித்தது கார்லில் வழக்கு. தங்கள் புகைக் குண்டை (மூக்கில் மருந்துப் புகையை இழுக்கும் பந்து) சொன்னபடி பயன்படுத்தியும் இன்ஃபுளூயன்சா வந்தால் 100 பவுண்டு தருவதாக விளம்பரம் செய்த கம்பெனி, லூயிசா கார்லில் கேட்டபோது தர மறுத்தது. கம்பெனியின் வாதங்களை ஒவ்வொன்றாகப் படித்து, அங்கேயே புத்தகத்தை மூடவைத்தீர்கள். கம்பெனி சொன்னது இது: விளம்பரம் வெறும் வியாபாரப் பேச்சு. ஊர் உலகத்தோடெல்லாம் ஒப்பந்தம் போட முடியாது. ஏற்றுக்கொண்டதாக அந்த அம்மா தெரிவிக்கவே இல்லை. "நீ நீதிபதியா இருந்தா என்ன சொல்லுவே, எழுது" என்றீர்கள். எழுதிய பிறகுதான் தீர்ப்பைத் திறந்தோம். வங்கியில் 1,000 பவுண்டு போட்டு வைத்திருப்பதாக அந்த விளம்பரத்திலேயே கம்பெனி சொல்லியிருந்ததை, அது வெறும் பேச்சல்ல என்பதற்குச் சான்றாக நீதிபதிகள் பிடித்துக்கொண்ட இடம் வந்ததும் எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. உங்களுக்கும் அப்போது தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது, அக்கா.

எங்கள் படிப்புக் குழுவுக்கு: டட்லி, ஸ்டீபன்ஸ் வழக்குக்காக நாம் போட்ட சண்டையை என்னால் மறக்க முடியாது. 1884-ல் நடுக்கடலில் படகில் தத்தளித்தவர்கள், உயிர் பிழைக்க ரிச்சர்ட் பார்க்கர் என்ற 17 வயதுப் பையனைக் கொன்று தின்ற வழக்கு. உயிர் பிழைக்கும் அவசியம்கூடக் கொலைக்கு நியாயம் ஆகாது என்றது நீதிமன்றம். மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு ஆறு மாதச் சிறையாகக் குறைந்தது. அப்படிக் குறைப்பதென்றால் தீர்ப்பு எதற்கு என்று ஒருவர், சட்டம் ஒன்று கருணை வேறு என்று ஒருவர். எப்போதும் பேசாமல் இருக்கும் நம் தோழி மட்டும், "அந்தப் பையனிடம் யாராவது கேட்டார்களா?" என்றாள். அதற்குப் பிறகு நாம் பேசியதெல்லாம் வேறு தரம். நன்றி, தோழி.

சட்ட எழுத்துப் பயிற்சி தந்த சாருக்கு: எதிராளியின் மிக வலுவான வாதத்தை முதலில் எழுது, அதற்குப் பிறகு உன்னுடையதை எழுது என்றீர்கள். விதியைச் சங்கதியோடு பொருத்திக் காட்டும் பத்திதான் உயிர், மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு என்றீர்கள். சிவப்பு மை நிறைந்த அந்தத் தாள்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மூட் கோர்ட்டுக்கு (மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றம்) முந்தின இரவுகளில் நீதிபதியாக உட்கார்ந்து குறுக்கே குறுக்கே கேள்வி கேட்ட அண்ணாவுக்கும் நன்றி. கேட்ட கேள்விக்கு முதலில் பதில், பிறகுதான் விட்ட இடம் என்று பழக்கியது நீங்கள்.

சட்ட உதவி மையத்து வழக்கறிஞர் அம்மா, விடுமுறையில் உங்கள் மேசை ஓரத்தில் உட்கார இடம் தந்தீர்கள். கிடியன் வழக்கை நீங்கள் சொல்லித்தான் முழுதாக அறிந்தேன். 1961-ல் ஃபுளோரிடாவில் வழக்கறிஞர் வைக்க வசதியில்லாமல் தானே வாதாடித் தண்டனை பெற்ற கிடியன், வசதியில்லாதவருக்கு அரசே வழக்கறிஞர் தர வேண்டும் என்று சிறையிலிருந்து பென்சிலால் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். 1963-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் நின்றார்கள். மறுவிசாரணையில், இந்த முறை வழக்கறிஞரோடு, விடுதலையானார். குற்றச்சாட்டு அதேதான், கூட நிற்க ஓர் ஆள் இருந்தார் என்பதுதான் வித்தியாசம். இதைச் சொல்லிவிட்டு, வாசலில் காத்திருந்தவரை உள்ளே கூப்பிட்டு, அவர் சொன்னதை இடையில் வெட்டாமல் கேட்டீர்கள். நான் என்ன வேலை செய்யப்போகிறேன் என்பது எனக்கு அப்போது தெரிந்துவிட்டது.

படிப்பை விட்டுவிடலாமா என்று இருந்த நாட்களில் பேசவிட்டுக் கேட்ட ஆலோசகருக்கும், "முடியலைன்னா வந்துடு, முடியும்னா இரு, ரெண்டும் எங்களுக்குச் சம்மதம்" என்ற அம்மாவுக்கும், மறுபயன் (ஒப்பந்தத்தில் ஒருவர் தரும் வாக்குக்கு ஈடாக மற்றவர் தருவது) என்றால் என்ன என்று நான் விளக்கி முடிக்கும்வரை சலிக்காமல் கேட்ட தங்கைக்கும் என் நன்றி. அவளுக்குப் புரிந்தால்தான் எனக்குப் புரிந்ததாகக் கணக்கு வைத்திருந்தேன்.

இந்த ஆண்டு முதலாம் ஆண்டில் சேர்பவர்களில், தீர்ப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று திகைப்பவர் யாராவது இருந்தால் தயங்காமல் என்னிடம் வாருங்கள். ஒரு சாயங்காலம் தருகிறேன். கார்லில் வழக்கிலிருந்து தொடங்கலாம்.

அன்புடனும் நன்றியுடனும்,
இரண்டாம் ஆண்டுக்குப் போகும் ஒரு சட்ட மாணவி