மாப்ள, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இத படி

மாப்ள,

அந்த கம்பெனி கம்ப்யூட்டர், சர்வர் எல்லாத்தயும் மாசாமாசம் பாத்துக்கறதுக்கு நீ போடப் போற அக்ரிமென்ட் டிராஃப்ட நேத்து ராத்திரி ரெண்டு தடவ படிச்சேன், போன்ல சொன்னா விட்டுப்போயிரும்னுதான் எழுதறேன். அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்ப கண்ணாடி இல்லாமயே பேப்பர் படிக்கறாங்க, உன்ன ரெண்டு மூணு தடவ விசாரிச்சாங்க. சின்னவ பிளஸ் ஒன் சேந்துட்டா. உனக்கு இவ்ளோ பெரிய க்ளையன்ட் கிடைச்சத வீட்ல சொன்னதும் எல்லாருக்கும் அவ்ளோ சந்தோஷம்.

ஆனா டிராஃப்ட்ல ரெண்டாவது பக்கத்துல ஒரு வரி இருக்கு பாரு, "மற்றும் ஐடி சம்பந்தப்பட்ட இதர பணிகள் அனைத்தும்"னு, அத எடுக்கச் சொல்லு. நாம ஏஎம்சி, அதான் வருஷ மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட், போட்டுட்டு இருந்தப்ப ஏதாச்சும் கெட்டுப்போனா போய்ப் பாத்தோம், பில் போட்டோம், அவ்ளோதான். மேனேஜ்டு சர்வீஸ்ல கெடாம பாத்துக்கறதுக்கே மாசாமாசம் காசு வாங்கறோம், அதனால எது நம்ம பொறுப்பு எது இல்லன்னு எழுதலன்னா எல்லாமே நம்ம பொறுப்புன்னு ஆயிரும். சிசிடிவி, ஓனர் வீட்டு வைஃபை, கணக்கு எழுதற டேலி சாஃப்ட்வேர்ல புதுசா ரிப்போர்ட் வேணும்கறது, எல்லாம் அந்த "இதர"வுக்குள்ள வந்துரும். செய்ய மாட்டோம்கறதுக்குன்னே தனியா ஒரு பக்கம் போடு.

திருப்பூர் பனியன் கம்பெனி கதைய உனக்கு முழுசா சொன்னதில்ல. ஒரு ஞாயித்துக்கிழமை காலைல போன், எந்த ஃபைலும் திறக்கலைன்னு. போய்ப் பாத்தா சர்வர் மொத்தமும் ரான்சம்வேர், ஃபைல எல்லாம் பூட்டி வெச்சு காசு கேக்கற வைரஸ். சரி, நாஸ்ல, அதான் நெட்வொர்க்ல மாட்டியிருக்கற ஸ்டோரேஜ் பெட்டில, பேக்கப் இருக்கேன்னு அத திறந்தேன், அங்கயும் ஒவ்வொரு ஃபைல் பேருக்குப் பின்னாடியும் அதே புரியாத எழுத்து ஒட்டிட்டு இருக்கு, ஏன்னா நாஸும் அதே நெட்வொர்க்ல அதே பாஸ்வேர்டுல கிடந்துச்சு. ஓனர் சத்தமே போடல. பீரோவத் திறந்து ஃபைல எடுத்தாரு, ஒரு வரிக்கு கீழ பென்சில்ல கோடு போட்டு என் பக்கம் தள்ளினாரு, "பேக்கப் பாத்துக்கப்படும்னு எழுதியிருக்குதுங்களே தம்பி, அப்ப எங்கங்க பேக்கப்?"னு கேட்டாரு. தினமும் ராத்திரி பேக்கப் ஓடி முடிஞ்சுதுன்னு மெயில் வந்துட்டேதான் இருந்துச்சு மாப்ள, ஆனா ஒரு தடவகூட திருப்பி எடுத்துப் பாத்ததில்ல. பேப்பர் வவுச்சர வெச்சு நானும் பசங்க ரெண்டு பேரும் பதினோரு நாள் டேலில என்ட்ரி போட்டோம், நாலு மாசம் பில்லே அனுப்பல.

அதனால உன் டிராஃப்ட்ல "பேக்கப்"ங்கற ஒத்த வார்த்தையோட விடாத. எந்த டேட்டா, எத்தன நாளைக்கு ஒருக்கா, எத்தன நாள் வெச்சிருப்போம், நெட்வொர்க்குக்கு வெளிய ஒரு காப்பி எங்க இருக்கும், மூணு மாசத்துக்கு ஒருக்கா ரீஸ்டோர் பண்ணிக் காட்டி அவங்க ஆள்கிட்ட கையெழுத்து வாங்கறது, இது அத்தனையும் எழுது.

எஸ்எல்ஏல, அதான் சர்வீஸ் எந்த அளவுக்கு இருக்கும்னு வாக்கு குடுக்கற பகுதில, 99.9 சதம் அப்டைம்னு போட்டிருக்க, அவ்ளோ நேரம் சிஸ்டம் ஓடிட்டே இருக்கணும். 30 நாள் மாசத்துக்கு கணக்குப் போட்டா சிஸ்டம் நிக்கலாம்கறது 43 நிமிஷம்தான் வருது, ஒரு கரன்ட் கட்டு போதும் அது தீர்றதுக்கு. கரன்ட், நெட் லைன், நாம சொல்லி வெச்ச மெயின்டனன்ஸ் நேரம் எல்லாம் இதுல சேராதுன்னு எழுது. அப்புறம் கம்ப்ளைன்ட எடுத்துக்கற நேரம் வேற, சரி பண்ணித் தர்ற நேரம் வேற, ரெண்டையும் ஒரே வரில கலந்து வெச்சிருக்க.

பேமென்ட் 90 நாள்னு இருக்கே, அதுக்கு ஏன் தலையாட்டின? சிறு தொழிலுக்கான அரசாங்கப் பதிவு, உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன், உங்கிட்ட இருக்கு, சிறு தொழில்களுக்கான 2006 எம்எஸ்எம்இ சட்டப்படி என்ன எழுதிக்கிட்டாலும் 45 நாளுக்கு மேல போக முடியாது, மீறினா கூட்டு வட்டி. கேக்க சங்கடப்படாத.

எல்லா நஷ்டத்துக்கும் நாமளே பொறுப்புங்கற வரியையும் அப்படியே விட்டு வெக்காத, பன்னெண்டு மாச ஃபீஸுக்கு மேல போகாதுன்னு உச்சவரம்பு கேளு. 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டத்துல அபராதம் 250 கோடி வரைக்கும் போகுது, அது அவங்க தலைல விழுந்தாலும் இந்த வரிய வெச்சு உங்கிட்ட திருப்பி விட முடியும். ஹேக் ஆனா 6 மணி நேரத்துல சைபர் தாக்குதல கவனிக்கற மத்திய அரசு அமைப்பு சர்ட்-இன்னுக்கு தெரியப்படுத்தணும்னு 2022லருந்து இருக்கு, யாரு அனுப்பறதுன்னு பேர் போட்டு எழுது, அந்த நேரத்துல ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டு நிக்க முடியாது.

நாளைக்கு அவங்க வேற ஆளுக்கு மாறினா அட்மின் பாஸ்வேர்டு, டொமைன் எல்லாம் எத்தன நாள்ல குடுப்போம்னும் சேத்துக்கோ. டொமைன அவங்க பேர்லயே வாங்கிக் குடு, அதுதான் நியாயம்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஃப்ரீதான், திருத்தினத எடுத்துட்டு வீட்டுக்கு வா, அம்மா உனக்கு அரிசிம்பருப்பு செஞ்சு வெக்கறேன்னு சொன்னாங்க, உக்காந்து வரி வரியா பாத்துருவோம். அதுவரைக்கும் கையெழுத்துப் போட்டுராத.

உன் மாப்ள