மாதுளை விதை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தினமும் ஆறு வேளை சொட்டு மருந்து. விட்டதும் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, ஏதாவது படித்துச் சொல்லு என்பாள். அப்படித்தான் டிமீட்டர் என்ற பயிர்த் தெய்வத்தின் துதிப்பாடலை எடுத்தேன். ஹோமர் பெயரில் வழங்கும் பழைய கிரேக்கப் பாட்டு, 495 வரி, பாடியவர் யாரென்று தெரியாது. 1777இல் மாஸ்கோவில் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி கிடைத்திராவிட்டால் நம் கைக்கு வந்தே இருக்காது.

கதை உனக்குத் தெரிந்ததுதான், டிமீட்டரின் மகள் பெர்செபோனி பூப்பறிக்கப் போனபோது பாதாள ராஜா ஹேடஸ் அவளைத் தூக்கிப்போகிறான். அவளை அவனுக்குக் கொடுத்தது பெற்ற அப்பன், தேவர்களின் ராஜா ஜீயஸ் என்று கவி மூன்றாவது வரியிலேயே சொல்லிவிடுகிறார். நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. தேரில் கதறிக்கொண்டு போகிறவள் கூப்பிடுவது அந்த அப்பாவைத்தான்! அவனோ எங்கோ தள்ளித் தன் கோயிலில் உட்கார்ந்து காணிக்கை வாங்கிக்கொண்டிருக்கிறான். அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அம்மா கேட்டாள், "இதெல்லாம் அடுத்தவங்க சொல்றது. அந்தப் பொண்ணு என்ன சொன்னா?"

சொல்கிறாள், வசந்தி. திரும்பி வந்து தாயின் மடியில் எல்லாவற்றையும் தன் வாயாலேயே மறுபடி சொல்கிறாள். நீர்த் தெய்வம் ஓகியனஸின் பெண்களோடு விளையாடினாள் என்று கவி ஒரே வரியில் தாண்டிப்போன இடத்தில், இவள் லியூகிப்பி, ஃபைனோ, எலெக்ட்ரா, இயாந்தி என்று இருபது பேருக்கு மேல் பெயர் சொல்லிக்கொண்டே போகிறாள். அப்புறம் அந்த மாதுளை விதை. பாதாளத்தில் அதைத் தின்றதால்தான் அவள் மறுபடி அங்கே திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. ஹேடஸ் யாருக்கும் தெரியாமல் தின்னக் கொடுத்தான், அவ்வளவுதான் கவி சொல்வது. இவளோ, எனக்கு விருப்பமில்லை, பலவந்தமாகத் தின்ன வைத்தான் என்கிறாள். தாய்க்குப் பயந்து மாற்றிச் சொல்கிறாள் என்று வாசிப்பவர்களும் உண்டு, என்னால் அதை ஏற்க முடியவில்லை. கவிக்குத் தெரிந்தது கொடுத்த கை, விதை தன் வாய்க்குள் போன விதம் அவளுக்குத்தானே தெரியும். அப்பாவின் சூழ்ச்சி என்பதும் இப்போது அவள் பேச்சில் வருகிறது. யார் சொல்லித் தெரிந்துகொண்டாள், பாட்டில் இல்லை.

துக்கத்தோடுதான் சொல்கிறேன், ஆனால் அத்தனையும் உண்மை என்று முடிக்கிறாள்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு அந்தத் தோழிகளின் பெயரை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

சரி, மருந்து விடும் நேரமாகிவிட்டது. அடுத்த மாதம் வருவதாகச் சொன்னாயே, வந்துவிடு.

உன்,
கௌரி