செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: குடியிருப்போர் நலச் சங்கம், ஸ்ரீ விஜயபுரம் (போர்ட் பிளேர்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, தாய்மார்களே, பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை நம் சங்கம் செய்ததையும், செய்ய முடியாமல் விட்டதையும் உங்கள் முன் வைக்கிறேன். இந்த ஆண்டில் செயற்குழு பதினோரு முறை கூடியது. ஒன்பது குடும்பங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. இப்போது நாம் 84 குடும்பங்கள். நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்கள் இருவருக்குச் சற்று முன் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம்.

வழக்கமான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேல் தெருவில் எரியாமல் கிடந்த நான்கு விளக்குகள் மாற்றப்பட்டன. மழைக்கு முன்பே சாக்கடையைத் தூர்வாரினோம். தண்ணீர் விடும் நேரத்தை முதல் நாள் மாலையே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம். பொங்கலுக்கு நம் தெருவின் வங்காளி, தெலுங்கு, மலையாளி, ராஞ்சிக் குடும்பங்களும் பானை வைத்தார்கள். அது எனக்குத் தனி மகிழ்ச்சி.

அறிக்கையின் மீதி முழுவதும் நிலநடுக்கம் பற்றியது. அதற்குக் காரணம் ஜூலை 29.

அன்று நள்ளிரவு 12 மணி தாண்டிய சில நிமிடங்களில் நிக்கோபார் பக்கம் கடலுக்கடியில் 6.3 அளவில் நில அதிர்வு ஏற்பட்டது. இங்கிருந்து தெற்கே வெகு தூரம். நம் தெருவில் பலர் தூக்கத்திலேயே இருந்தார்கள். விழித்திருந்த சிலருக்கு மட்டும் தொங்கும் பல்பு மெதுவாக ஆடியது தெரிந்தது. சேதம் எதுவும் இல்லை. ஆனால் அடுத்த அரை மணி நேரத்தில் நாம் நடந்துகொண்ட விதம் என்னைத் தூங்கவிடவில்லை. மாடி வீட்டுக்காரர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்கி ஓடினார்கள். ஓடி வந்து நின்றது, செங்கல் அடுக்கி அதன்மேல் ஆயிரம் லிட்டர் டேங்க் வைத்திருக்கும் சுவருக்கு நேர் கீழே. இரண்டு பையன்கள் பைக்கை எடுத்துக்கொண்டு கடல் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் படகுத்துறைக்குப் போனார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு இதைவிடப் பெரிய பூகம்பம் வரும் என்று ஒரு குரல் செய்தி குழுவில் சுற்றியது. அதை நம்பி ஆறேழு குடும்பங்கள் விடியும்வரை தெருவில் உட்கார்ந்திருந்தன.

நாள், நேரம் குறித்து நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்லும் வழி உலகத்தில் எங்கும் கிடையாது. அப்படி வரும் செய்தியைக் குழுவில் பகிரக் கூடாது என்று ஆகஸ்ட் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். அதை எல்லோரும் மதிக்கிறார்கள், நன்றி.

அந்தக் கூட்டத்தில், சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையில் இந்த ஊரில் இருந்தவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டேன். பாதிக்கும் குறைவான கைகள்தான் உயர்ந்தன. மற்றவர்கள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள், அல்லது வேலைக்காக மெயின்லேண்டிலிருந்து வந்தவர்கள். பார்த்தவர்களுக்கு மறக்கவில்லை, அது உண்மைதான். ஆனால் அவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளைக்கே அது தெரியவில்லை. நம் சங்கத்துக்கு இந்த ஆண்டின் வேலை அங்கேதான் பிறந்தது.

கீழ்த் தெருப் பெரியவர் ஒருவர் எழுந்து பேசினார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. தேநீர் டம்ளரோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். முதலில் டம்ளரில் வட்டம் வட்டமாக அலை. பிறகு கிணற்றுத் தண்ணீர் தளும்பி வெளியே கொட்டுகிறது. நிற்க முடியவில்லை. முருங்கை மரத்தைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய மர வீடு, தகரக் கூரையோடு கப்பல் மாதிரிக் கிரீச்சிட்டு ஆடியது, ஆனால் விழவில்லை. எதிரே புதிதாகக் கட்டிய மாடி வீட்டின் கீழ்த்தளத் தூண்கள் தலைப்பகுதியில் பிளந்துவிட்டன. அவர் சொல்லி முடித்தபோது கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை.

அன்று நடந்ததன் அளவைப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். பூமியின் மேலோடு பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. அவற்றில் இந்தியத் தட்டு பர்மா தட்டுக்கு அடியில் நுழையும் கோட்டை ஒட்டித்தான் நம் தீவுகள் இருக்கின்றன. 2004இல் அந்தக் கோடு சுமத்ராவில் தொடங்கி வடக்கு அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் கிழிந்தது. அளவு 9.1. வடக்கு அந்தமானில் கரை மேலே எழுந்து பவளப்பாறைகள் வெளியே வந்தன. நம் ஊர்ப் பக்கம் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்கியது. சிப்பிகாட் வழியாகப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், தண்ணீர் நிற்கும் அந்தப் பரப்பு முன்பு நெல் விளைந்த வயல். அதற்கும் முன்னால், 1941 ஜூன் 26இல் வந்த பூகம்பம் செல்லுலார் சிறையையே சேதப்படுத்தியது. கட்டிட விதிகளில் நம் தீவுகள் முழுவதையும் மிக அதிக ஆபத்துள்ள நிலநடுக்க மண்டலத்தில் வைத்திருப்பது இதனால்தான்.

சரி, நாம் செய்தவற்றுக்கு வருகிறேன்.

முதல் வேலை வீட்டுக்குள். செப்டம்பரில் ஒவ்வொரு ஞாயிறும் இளைஞர்கள் நான்கு பேர் டிரில்லிங் மெஷினோடு வீடு வீடாகப் போனார்கள். இரும்பு பீரோ, புத்தக அலமாரி, ஃபிரிட்ஜ், இவற்றின் மேல்பக்கத்தை எல் ஆங்கிள் (‘L’ வடிவ இரும்புப் பட்டை) வைத்துச் சுவரோடு திருகினார்கள். ஒரு வீட்டில் பாட்டி படுக்கும் கட்டிலின் தலைமாட்டுக்கு நேர் மேலே சாமி அலமாரி இருந்தது. அதில் மூன்று கிலோ பித்தளைக் குத்துவிளக்கு. அதைக் கீழ்த்தட்டுக்கு இறக்கப் பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு கட்டிலையே எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம். விளக்கும் அதன் இடத்தில் இருக்கிறது, பாட்டியும் நிம்மதியாகத் தூங்குகிறார். மார்ச் முடிய 51 வீடுகளில் இந்த வேலை முடிந்தது. மீதியில் பெரும்பாலானவை வாடகை வீடுகள். சுவரில் ஓட்டை போடக் கூடாது என்று வீட்டுக்காரர்கள் தடுக்கிறார்கள். அவர்களிடம் சங்கமே நேரில் பேச வேண்டும்.

பள்ளியில் பிள்ளைகளுக்கு இந்தியில் ‘ஜுகோ, டகோ, பக்டோ’ என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்காக மகளிர் குழு அதை ‘உட்காரு, ஒளி, பிடி’ என்று தமிழாக்கியது. அதிர்வு தொடங்கியதும் தரையில் உட்கார்ந்து, உறுதியான மேசைக்கு அடியில் ஒளிந்து, அதன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் நம் வீடுகளில் எத்தனை வீட்டில் அப்படி ஒரு மேசை இருக்கிறது? இந்தக் கேள்வியை ஓர் அம்மா கேட்டார், நல்ல கேள்வி. மேசை இல்லாவிட்டால் ஜன்னலும் பீரோவும் இல்லாத உள்சுவர் ஓரமாகக் குனிந்து உட்கார்ந்து, தலையையும் பிடரியையும் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். படுத்திருந்தால் அங்கேயே தலையணையால் தலையை மூடுங்கள். ஆடும்போது படிக்கட்டில் ஓடாதீர்கள். அப்படி ஓடும்போது மேலிருந்து விழும் பொருளும், வாசலில் பெயர்ந்து விழும் கைப்பிடிச் சுவரும் ஆளைக் கொன்றுவிடும். ஆட்டம் நின்ற பிறகு கேஸ் ரெகுலேட்டரையும் மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டு வெளியே வாருங்கள். பின்அதிர்வு வரும், அதனால் எதையும் எடுக்க மறுபடி உள்ளே போக வேண்டாம். கட்டிலுக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பும் டார்ச்சும் எப்போதும் இருக்கட்டும். இருட்டில், உடைந்த கண்ணாடிமேல் வெறுங்காலோடு யாரும் தூரம் போக முடியாது.

அடுத்தது மேட்டுக்கு நடப்பது. இதில்தான் நாம் அதிகம் கற்றுக்கொண்டோம்.

2004இல் சென்னைக் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நிக்கோபாரில் சில நிமிடங்களே கிடைத்தன. ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது, அங்கிருந்து தகவல் விரைவாகவே வருகிறது. ஆனாலும் கிழியும் கோட்டுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் நமக்கு நிலம் ஆடுவதே சங்கு. நிற்க முடியாத அளவுக்கு ஆடினாலோ, மெதுவாக ஆனாலும் நெடுநேரம் ஆடினாலோ, கீழ்த் தெருவினர் செய்திக்காகக் காத்திருக்காமல் மேட்டுத் திடலுக்கு ஏற வேண்டும்.

முதல் ஒத்திகை அக்டோபரில் நடந்தது. கடைசி ஆள் திடலுக்கு வர 27 நிமிடம் ஆனது. காரணம் வண்டிகள். இரண்டு கார் எதிரும் புதிருமாகச் சந்தில் மாட்டிக்கொண்டன, அவற்றுக்குப் பின்னால் ஸ்கூட்டர்கள், அவற்றுக்குப் பின்னால் மனிதர்கள். நடக்க முடியாத ஓர் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கி வந்தபோது பாதி வழியில் நாற்காலியின் கால் முறிந்தது. நல்ல வேளை, பையன்கள் அவரைத் தாங்கிப் பிடித்துவிட்டார்கள். அப்புறம் இரண்டு மூங்கில் கழியும் கனமான போர்வையும் சேர்த்து மூன்று தூக்குக் கட்டில்கள் செய்தோம். தூக்க வேண்டியவர்கள் ஐந்து பேர், ஒவ்வொருவருக்கும் நான்கு இளைஞர்கள் என்று பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

இரண்டாவது ஒத்திகையை டிசம்பர் 26 காலை 6.29க்கு வைத்தோம். இறந்தவர்களுக்காகக் கடற்கரையில் மலர் தூவுவதற்கு முன் அதைச் செய்ய வேண்டும் என்பது மகளிர் குழுவின் விருப்பம். வண்டி கிடையாது, நடை மட்டும். 14 நிமிடத்தில் எல்லோரும் மேலே இருந்தோம்.

ஒரு சந்தேகம் அடிக்கடி வருகிறது. 2012 ஏப்ரல் 11இல் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவு வந்தது, நாம் ஓடினோம், பெரிய அலை வரவில்லையே என்கிறார்கள். அன்று கடலடிப் பாறை பக்கவாட்டில் நகர்ந்தது, கடல் தரை பெரிதாக மேலெழவில்லை, அதனால் தப்பினோம். அது எந்த வகை என்று ஆடும்போது யாருக்கும் தெரியாது. ஏறுங்கள். அலை ஒன்றோடு நிற்பதில்லை, முதல் அலையைவிடப் பின்னால் வருவது பெரிதாக இருக்கலாம். நிர்வாகம் சொல்லும்வரை இறங்காதீர்கள். சுமத்ராவை ஒட்டிய சிமுலூ தீவில் 1907இல் வந்த அலையைத் தாத்தா பாட்டிகள் ‘ஸ்மோங்’ என்ற பெயரில் கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 2004இல் அங்கிருந்த சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர்தான். ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் 2004ஐப் பார்த்த ஒருவர் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று வைத்திருப்பதற்கு அந்தத் தீவுதான் காரணம்.

மூன்றாவதாக, கட்டிடம். நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற பொறியாளர் ஜனவரியில் கொத்தனார்களையும் கம்பி கட்டுபவர்களையும் அழைத்து இரண்டு நாள் வகுப்பு எடுத்தார். சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் வரைந்தே விளக்கினார். தூணில் சுற்றும் ரிங் கம்பியின் முனையை வெறும் செங்கோணமாக மடக்கினால், ஆடும்போது அது விரிந்து உள்ளே இருக்கும் கம்பிகளை விட்டுவிடும். முனையை 135 பாகைக்கு உள்நோக்கி மடக்க வேண்டும். தூணும் பீமும் சேரும் இடத்தில் ரிங்குகளை நெருக்கிக் கட்ட வேண்டும். கீழே வண்டி நிறுத்த வெறும் தூண்கள், மேலே சுவர் வைத்த மாடிகள் என்று கட்டினால் கீழ்த்தளம்தான் முதலில் மடங்கும். 2001 ஜனவரி 26இல் புஜ் பூகம்பத்தின்போது 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தது இப்படித்தான்.

என் வீட்டு மாடி கட்டும்போது எடுத்த படங்களை அந்த வகுப்பில் காட்டினேன். ரிங்குகள் ஒரு சாண் இடைவெளியில், முனைகள் செங்கோணமாக. சின்ன வீட்டுக்கு இது போதும் என்று எடுத்துக் கட்டியவர் சொன்னார், நானும் சரி என்றேன். இப்போது கீழ்த்தளத் தூண்கள் நான்கையும் சுற்றிப் புதுக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டுப் பருமனாக்கும் வேலை நடக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் எந்த ஞாயிறும் வரலாம், கேள்விகளுக்குப் பொறியாளர் ஐயாவும் வந்து பதில் சொல்வார். தகரக் கூரை மர வீடு வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அவசரப்பட்டு இடிக்காதீர்கள். கரையான் அரித்த கால்களை மாற்றி, மூலைகளுக்குக் குறுக்குக் கட்டை அடித்தாலே அது நல்ல வீடு.

தொடர்பு அட்டையும் அச்சிட்டுக் கொடுத்தோம். கடலடி கேபிள் வந்த பிறகு இங்கே இணையம் நன்றாக இருக்கிறது. ஆனால் பெரிய அதிர்வு வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் போன் செய்வோம், எதுவும் கிடைக்காது. நம் எல்லோருக்கும் மதுரையிலோ ராமநாதபுரத்திலோ ஒரு சித்தி, ஒரு மாமா இருக்கிறார். குடும்பத்தினர் ஒவ்வொருவரும் அந்த ஓர் எண்ணுக்கு மட்டும் ‘நலம்’ என்று குறுஞ்செய்தி அனுப்பினால் போதும், அவர் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார். அட்டையில் அந்த எண்ணும், அவசர எண் 112ம், ரத்த வகையும் இருக்கின்றன.

முடியாமல் போனவையும் இருக்கின்றன. மேட்டுத் திடலில் தண்ணீர் டிரம் வைக்கக் கொட்டகை போட முடியவில்லை. பேட்டரி ரேடியோ ஆறு வாங்க நினைத்து இரண்டுதான் வாங்கினோம். மொட்டை மாடிகளில் செங்கல் அடுக்கின்மேல் இருக்கும் டேங்குகளில் பதினேழு இன்னும் அப்படியே இருக்கின்றன. ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. அந்தப் பதினேழு வீட்டாரும் வரும் மழைக்கு முன் டேங்கைத் தளத்தின்மேல் இறக்கிக் கட்டிவிட வேண்டும் என்று இந்தப் பொதுக்குழுவின் முன் கேட்டுக்கொள்கிறேன். கூலிக்குச் சிரமம் இருந்தால் பொருளாளரிடம் சொல்லுங்கள், சங்கம் பாதி கொடுக்கும்.

அடுத்த ஒத்திகை இரவில் நடக்கும், தேதி சொல்ல மாட்டோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

நன்றி.

செயலாளர்