உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை தொடங்கியதையொட்டித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெயிலும் தோலும் பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பயனுள்ள கட்டுரைதான். ஆனால், நம் தோலில் மெலனின் நிறமி மிகுதியாக இருப்பதால் தோல் புற்றுநோயை எண்ணி நாம் அஞ்சத் தேவையில்லை என்று அதில் போகிறபோக்கில் எழுதப்பட்டிருந்த வரி என்னை உறங்கவிடவில்லை. அரசு மருத்துவமனைகளின் அறுவை அரங்குகளில் 31 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அந்த வரியில் இருப்பது பாதி உண்மை. மீதிப் பாதியை அறியாமல் இருந்ததற்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலை பெரிது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மெலனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. எனவே வெயிலால் வரும் தோல் புற்று நம்மிடையே குறைவு. வெள்ளைத்தோல் மக்கள் மிகுந்த ஆஸ்திரேலியாவில் 70 வயதுக்குள் மூவரில் இருவருக்கு ஏதேனும் ஒரு தோல் புற்று கண்டறியப்படுகிறது. அத்தகைய நிலை இங்கே இல்லை. ஆனால் தோல் புற்று வகைகளில் மிகக் கொடியதான மெலனோமா, கருநிறத்தாரைத் தாக்கும்போது வெயிலே படாத இடங்களைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடிப்பகுதி. வெயிலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கருத்த தோல் இதற்குக் காவலும் இல்லை. ஜமைக்காவின் இசைக் கலைஞர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் இந்த நோய் 1977இல் கண்டறியப்பட்டது. விரலை நீக்க அவர் இசையவில்லை. நகத்தையும் நகப்படுகையையும் மட்டும் நீக்கித் தொடைத்தோலை ஒட்டினார்கள். 1981இல் தமது 36ஆம் வயதில் அவர் இறந்தபோது நோய் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது.

என் மூத்த அக்காவுக்கு வலது குதிகாலின் ஓரத்தில் மிளகளவில் ஒரு கரும்புள்ளி தோன்றியபோது அவருக்கு வயது 58. வரப்பிலும் வயலிலும் செருப்பில்லாமல் நடந்து பழகிய கால் என்பதால், முள் குத்திய இடம் கறுத்திருக்கிறது என்று வீட்டில் நினைத்தார்கள். பிறகு அது பரவி, நடுவில் சற்றே தடித்தபோது கால் ஆணி என்றார்கள். மருந்துக் கடையில் விற்கும் ஆணிப் பிளாஸ்திரியை ஒட்டினார், பிளேடால் சீவினார், பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னபடி அம்மான் பச்சரிசிப் பாலையும் தடவினார். சர்க்கரை நோய்க்காக மாதம் தவறாமல் மாத்திரை வாங்க மருத்துவமனைக்குப் போனவர் அவர். அங்கே விரல் நுனியில் இரத்தம் எடுத்தார்கள், இரத்த அழுத்தம் பார்த்தார்கள். காலைத் தூக்கிக் காட்டச் சொன்னவர் எவருமில்லை. நானும் சொல்லவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டவள் நான். அந்தக் காலின் அடிப்பக்கத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஒன்றரை ஆண்டுக்குப் பின் இரத்தம் கசியத் தொடங்கவே, நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அதை மின்சூட்டால் சுட்டு எடுத்தார்கள். எடுத்த சதை பரிசோதனைக்குப் போகவில்லை. குப்பைக் கூடைக்குப் போனது. புண் ஆறிவிட்டது என்று எல்லோரும் நிம்மதி அடைந்தோம். எட்டு மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் கறுத்து வளர்ந்தது. தொடை இடுக்கில் நெறியும் கட்டியது. அப்போதுதான் அக்கா என்னிடம் காலைக் காட்டினார். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

வாசகர்கள் முதலில் அறிய வேண்டியது கண்டறியும் முறை. இதற்கு ஒரு கைக்கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் போதும். ஒரு பாதி மறுபாதியைப் போல இல்லாமை, ஓரம் கடித்துத் துப்பியதுபோல் ஒழுங்கற்றிருத்தல், ஒரே புள்ளியில் கருமையும் பழுப்பும் நீலமும் கலந்திருத்தல், 6 மில்லிமீட்டரைத் தாண்டிய அகலம், நாளாக ஆக மாறிக்கொண்டே போதல் ஆகிய ஐந்தையும் தோல் மருத்துவர்கள் கவனிப்பார்கள். என் அனுபவத்தில் கடைசியாகச் சொன்னதுதான் மற்றெல்லாவற்றையும்விட முக்கியம். பிறவியிலிருந்து அப்படியே இருக்கும் மச்சத்தைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. வயது வந்த பிறகு உள்ளங்காலில் புதிதாகத் தோன்றி வளர்கிற மச்சத்தை மச்சம் என்று விட்டுவிடக் கூடாது. உள்ளங்கால் தோலில் கைரேகையைப் போல மேடும் பள்ளமுமாக வரிகள் உண்டு. டெர்மாஸ்கோப் என்னும் சிறு கருவியால் உருப்பெருக்கிப் பார்த்தால், சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் பள்ளங்களில் படிந்திருப்பதையும், மெலனோமாவின் நிறம் மேடுகளில் படர்ந்திருப்பதையும் பழகிய கண் பிரித்தறிந்துவிடும். நகத்தில் கருங்கோடு இருப்பது கருநிறத்தாரில் பலருக்கும் இயல்பே. அத்தகைய கோடுகள் பொதுவாகப் பல விரல்களில் இருக்கும். ஒரே ஒரு விரலில், அதிலும் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ, நடுவயதில் புதிதாக ஒரு கோடு தோன்றி அகலமாகிக்கொண்டே போனாலும், அதன் கருமை நகத்தைத் தாண்டி நகக்கண்ணின் தோலிலும் படர்ந்தாலும் தாமதிக்கக் கூடாது. அடிபட்டதால் உறைந்த இரத்தமாக இருந்தால், நகம் வளர வளர அந்தக் கறுப்பும் நுனியை நோக்கி நகர்ந்து போய்விடும்.

இனி, நம் மக்களிடையே வேரூன்றிய அச்சத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்பதை நான் பணிக்காலம் முழுவதும் கேட்டிருக்கிறேன், படித்தவர்களும் சொன்னார்கள். சோதனைக்காகச் சதை எடுக்கும் பயாப்ஸியால் மெலனோமா பரவியது என்பதற்கு ஆதாரம் இல்லை. பரவிய பிறகே பலர் கத்தியிடம் வந்து சேர்கிறார்கள்; அதனால் பழி கத்தியின்மேல் விழுகிறது. ஐயத்துக்குரிய சிறு புள்ளியைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் நல்ல தோலுடன் முழுமையாக எடுத்து, ஒரு முனையில் திசை தெரிய நூல் முடிச்சிட்டு, ஃபார்மலின் புட்டியில் இட்டு நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு அனுப்புவதே முறை. புள்ளி பெரிதாக இருந்தால் தடித்த பகுதியிலிருந்து ஒரு துண்டு எடுக்கலாம். இடத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு, அரை மணி நேரத்தில் முடியக்கூடிய வேலை இது.

அந்தச் சிறு துண்டு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை விளக்க விரும்புகிறேன். மெலனோமாவின் போக்கைச் சொல்வது அதன் அகலத்தைவிட ஆழம்தான். தோலின் மேலடுக்கிலிருந்து புற்றணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கின்றன என்பதை நுண்ணோக்கியில் அளக்கும் முறையை அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க மருத்துவர் 1970இல் வெளியிட்டார். இன்றுவரை அறுவை மருத்துவர்கள் அந்த அளவை வைத்தே முடிவெடுக்கிறார்கள். ஆழம் 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சுற்றிலும் 1 சென்டிமீட்டர் நல்ல தோலுடன் எடுத்தால் போதும். 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் 2 சென்டிமீட்டர் எடுக்க வேண்டும். ஆழம் 1 மில்லிமீட்டருக்கு மேல் போனால் நெறிக்குப் பரவியிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். புண்ணைச் சுற்றி நீலச் சாயத்தைச் செலுத்தினால், அது நிணநீரோடு சென்று முதலில் எந்த நெறியை அடைகிறதோ அந்த நெறி நீலமாகத் தெரியும். அதை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள். டொனால்ட் மார்ட்டனும் அவருடைய குழுவினரும் 1992இல் இம்முறையை அறிமுகப்படுத்தியதால், எல்லா நெறிகளையும் களைந்துவிட்டு வாழ்நாளெல்லாம் கால் வீக்கத்தோடு துன்புறும் நிலை பலருக்குத் தவிர்க்கப்பட்டது. மின்சூட்டால் சுட்டாலும், திராவகம் வைத்தாலும், சுண்ணாம்பு தடவினாலும் இந்த ஆழம் அளக்க முடியாமல் அழிந்துபோகிறது. அக்காவின் புள்ளி முதலில் சுடப்பட்டபோது எத்தனை மில்லிமீட்டர் இருந்தது என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. இரண்டாம் முறை அளந்தபோது 6 மில்லிமீட்டர் இருந்தது.

பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் அவருடைய குதிகாலைச் சுற்றி 2 சென்டிமீட்டர் விட்டு அகற்றினார்கள். உடல் எடையைத் தாங்காத உள்ளங்கால் வளைவிலிருந்து தோலையும் கொழுப்பையும் அவற்றின் இரத்தக் குழாயோடும் நரம்போடும் சேர்த்துத் திருப்பிக் குதிகாலில் பொருத்தினார்கள். வளைவில் ஏற்பட்ட வெற்றிடத்தைத் தொடையிலிருந்து எடுத்த மெல்லிய தோலால் மூடினார்கள். அந்த மருத்துவர்களின் கைத்திறனை நான் வணங்குகிறேன். மூன்று மாதத்தில் அக்கா ஊன்றி நடந்தார். ஆனால் நோய் காலை விட்டு எப்போதோ கிளம்பிவிட்டிருந்தது. 19 மாதங்கள் இருந்தார்.

மெலனோமா நம்மிடையே அரிதுதான். நான் வார்டுகளில் அதைவிட அதிகம் பார்த்தவை மற்ற இரு வகைகள். மூக்கோரத்திலும் கீழ் இமையிலும் வலியில்லாமல் வளர்ந்து, ஓரம் பளபளத்து, நடுவில் குழிந்து, முகம் கழுவும்போது இரத்தம் கசியும் பேசல் செல் புற்று ஒன்று. எலி கடித்தது போலிருக்கும் என்பதால் பழைய மருத்துவர்கள் ரோடன்ட் அல்சர் என்பார்கள். நம்மவர்களுக்கு அது பெரும்பாலும் கறுப்பாகவே வருவதால் மரு என்று எண்ணிக் குதிரை முடி கட்டி அறுக்கப் பார்ப்பவர்கள் உண்டு. இது வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது. விட்டால் இருக்கிற இடத்தையே தின்றுவிடும். சிறிதாக இருக்கையில் சுற்றிலும் 4 மில்லிமீட்டர் விட்டு எடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். இமை போன்ற இடங்களில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் அருமை என்பதால், ஓர் அடுக்கை எடுத்து, அதன் அடியும் ஓரமும் முழுவதையும் அங்கேயே நுண்ணோக்கியில் பார்த்து, புற்று மிச்சமிருக்கும் மூலையில் மட்டும் மறுபடி எடுக்கும் முறை உண்டு. 1930களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்தபோதே ஃபிரெடெரிக் மோஸ் இதற்கு வித்திட்டார். அவர் பெயராலேயே அது வழங்குகிறது. நம் நாட்டில் அதைச் செய்யும் இடங்கள் இன்னும் குறைவாகவே இருப்பது வருத்தத்துக்குரியது.

இன்னொன்று ஸ்குவாமஸ் செல் புற்று. ஸ்டவ் வெடித்துத் தீக்காயம் பட்டுப் பிழைத்த பெண்கள் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து, முழங்கால் மடிப்பில் பழைய தழும்பு வெடித்து ஆறாத புண்ணோடு வருவார்கள். ஆண்டுக்கணக்கில் தூள் தூவிக் கட்டுப் போட்டிருப்பார்கள். ஓரம் தடித்துக் காலிஃப்ளவர் போலப் பூத்து நாற்றமெடுத்த பிறகே பயாப்ஸி என்ற பேச்சு எழும். தொழுநோயாளிகளின் பாதப் புண்ணிலும் இது வருவதுண்டு. புடவையின் உள்பாவாடை நாடாவை ஒரே இடத்தில் பல்லாண்டுகள் இறுக்கிக் கட்டிய பெண்களுக்கு இடுப்புத் தோல் உரிந்து, புண்ணாகி, மிக அரிதாகப் புற்றாக மாறியதையும் மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன.

நான் கேட்பது புதிய திட்டமோ பெரிய இயந்திரமோ அல்ல. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காப்பதற்கென்றே பாதம் பாதுகாப்போம் திட்டமும் இருக்கிறது. புண்ணையும் உணர்ச்சியையும் சோதிக்கும் அந்தக் கைகள், உள்ளங்காலிலும் விரலிடுக்கிலும் நகத்திலும் புதிதாகக் கறுத்த இடம் உண்டா என்பதையும் பார்த்து ஒரு வரி எழுதிவைக்கலாம். நான்கு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணும், மாறிவரும் கரும்புள்ளியும் தோல் மருத்துவரிடம் அனுப்பப்பட வேண்டும். மருத்துவமனை அரசினுடையதானாலும் தனியாருடையதானாலும், உடலிலிருந்து வெட்டியெடுக்கப்படும் எந்த மருவும் மச்சமும் ஆணியும் ஆய்வகத்துக்குப் போகாமல் குப்பைக்குப் போகக் கூடாது என்பதைச் சுகாதாரத் துறை ஆணையாகவே பிறப்பிக்க வேண்டும். நோயாளிகளும் தயங்காமல், எடுத்த சதையை எந்த ஆய்வகத்துக்கு அனுப்புகிறீர்கள், முடிவு என்று வரும் என்று கேட்க வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்த மருத்துவப் பக்கத்தில் அடுத்த முறை தோல் புற்றுநோய் பற்றி எழுதும்போது, குடை பிடித்த பெண்ணின் படத்தோடு ஓர் உள்ளங்காலின் படத்தையும் வெளியிடுங்கள். அதைப் பார்த்துவிட்டு அன்றிரவு தன் தாயின் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்க்கும் பிள்ளைகள் சிலராவது இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறுவை அரங்கச் செவிலியர்,
தென்காசி மாவட்டம்.