முடிவைச் சொல்லிவிட யார் அனுமதி கொடுத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சினிமா பகுதியில் 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' என்ற உளவுப் படத்தைப் பற்றி எழுதியவர், அதில் வரும் கிழக்கு ஜெர்மன் உளவு அதிகாரி முண்ட் உண்மையில் யாருடைய ஆள் என்பதை மூன்றாவது பத்தியிலேயே போட்டு உடைத்துவிட்டார். கடைசியில் பெர்லின் சுவரருகே நடப்பதையும் விட்டுவைக்கவில்லை. பழைய படம்தானே, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்திருக்கிறார்.

நஷ்டம் என் வீட்டில்தான். அண்ணன் மகளுக்கு அந்தப் படத்தின் மூல நாவலை நான் கொடுத்திருந்தேன். கதாநாயகனான பிரிட்டிஷ் உளவாளி லீமஸ் குடித்துச் சீரழிந்து, மளிகைக்காரரை அடித்துச் சிறைக்குப் போகும் இடத்தில் இருந்தாள். இவன் நிஜமாகவே கெட்டுப்போனானா, நடிக்கிறானா என்று என்னைத் துளைத்துக்கொண்டிருந்தாள். உங்கள் இதழைப் படித்ததும், "அதான் தெரிஞ்சுபோச்சே அத்தை" என்று புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டாள். விசாரணை மன்றத்தில் முண்டுக்கு எதிராக இன்னொரு கிழக்கு ஜெர்மன் அதிகாரியான ஃபீட்லர் பேசப் பேச நாமும் அவர் பக்கம் சாய்ந்துவிடுவோம், அப்புறம்தான் காலடியில் நிலம் நழுவும். அது அவளுக்கு இனி வாய்க்காது. கல்லூரிக் காலத்தில் வாடகை நூலகத்திலிருந்து எடுத்து வந்து விடிய விடியப் படித்தவள் நான். அவள் இழந்தது என்னவென்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியாததல்ல. தொடர்கதை வெளியிடும் இதழ் நடத்துகிறீர்கள். கடைசி அத்தியாயத்தை முதல் வாரமே அச்சிடுவீர்களா?

"சண்டைக்காட்சிகூட இல்லாத மெதுவான படம்" என்று வேறு எழுதியிருக்கிறார். எந்த உளவாளி வந்தாலும் ஜேம்ஸ் பாண்டுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது உங்கள் இதழின் நெடுநாள் வழக்கம். பாண்ட் படமான 'தண்டர்பால்' வண்ணத்தில் வந்த அதே 1965இல்தான் இயக்குநர் மார்ட்டின் ரிட் இதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். லீமஸாக நடித்த ரிச்சர்ட் பர்ட்டனின் முகத்தில் தெரியும் களைப்புக்கு எந்தச் சண்டைக்காட்சியும் ஈடாகாது. ரிட், கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தால் 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வேலை மறுக்கப்பட்டவர். மனிதர்களைப் பயன்படுத்தித் தூக்கியெறிவதில் பனிப்போரின் இரு தரப்பும் ஒன்றுதான் என்று சொல்லும் கதையை அப்படிப்பட்டவர் எடுத்தாரே, அதைப் பற்றி ஒரு வரி உண்டா?

நாவலாசிரியரின் பெயரையே காணோம். "பிரபல நாவலைத் தழுவியது" என்பதோடு சரி. ஜான் லெ காரே, பெர்லின் சுவர் எழும்பிய 1961இல் மேற்கு ஜெர்மனியின் பான் நகர பிரிட்டிஷ் தூதரகத்தில் பணியாற்றிய உளவுத்துறைக்காரர். தான் கண்ட உலகத்தைத்தான் 1963இல் நாவலாக்கினார். எழுதியவரை இப்படி விட்டுவிடுவது உங்களிடம் புதிதல்ல. தமிழ் நாவல்கள் படமானபோதும் இதையே செய்தீர்கள். அப்போதும் எழுதினேன். கடிதம் வெளியாகவில்லை, பதிலும் வரவில்லை. நெடுநாள் வாசகியை இதைவிட அவமதிக்க முடியாது.

நான் கேட்பது பெரிதல்ல. முடிவைச் சொல்லும் கட்டுரையானால், தலைப்புக்குக் கீழே அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். கூடவே, கதையை எழுதியவரின் பெயரையும் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, திருச்சி