பிரிந்த பெற்றோரின் பிள்ளைகளும் அவர்களை வளர்க்கும் தாத்தா பாட்டிகளும்

சிங்கப்பூரின் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சுக்கும் குடும்ப நீதிமன்றங்களுக்கும் வணக்கம்.

மணவிலக்குக் கோரும் தம்பதியருக்கு 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால், மனுச் செய்யும் முன்பே அவர்கள் பிரிந்த பின்னும் சேர்ந்து பிள்ளை வளர்ப்பது பற்றிச் சொல்லித்தரும் கட்டாய இணைப் பெற்றோர் திட்டத்தை முடிக்க வேண்டும் என்பதும், அதன் பிறகும் சர்ச்சை நீடித்தால் ஆலோசனைக்கும் சமரசப் பேச்சுக்கும் அனுப்பப்படுகிறார்கள் என்பதும் வரவேற்கத்தக்க ஏற்பாடுகள். தமிழ்க் குடும்பங்களிடையே பணியாற்றும் தொண்டூழியர் என்ற முறையில் அவற்றின் பயனை நேரில் பார்க்கிறேன். இருப்பினும், பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து, சோறு போட்டு, தூங்க வைக்கும் தாத்தா பாட்டியை இந்த ஏற்பாடுகள் எதுவும் எட்டுவதில்லை.

பிள்ளையைப் பற்றிய பெரிய முடிவுகளைப் பெற்றோர் இருவரும் சேர்ந்தே எடுக்க வேண்டும் என்பதே பொதுவிதி என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005 இல் தெளிவுபடுத்தியது. அன்றாடப் பராமரிப்பு ஒருவருக்கும், சந்திப்பு நேரம் மற்றவருக்கும் போகிறது. தாள் அளவில் எல்லாம் சரிதான். வெள்ளிக்கிழமை மாலை அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் பையோடு பிள்ளையை அழைத்து வருபவரோ பெரும்பாலும் பாட்டி. முன்னாள் சம்பந்தியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், ஞாயிறு இரவு பிள்ளை திரும்பியதும், “அங்கே என்ன சாப்பிட்டாய், யார் யார் வந்தார்கள்?” என்று துருவுவார். அந்த வீட்டில் வாங்கிக் கொடுத்த புதுச்சட்டை அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். எந்த வீட்டில் எதைச் சொல்லக் கூடாது என்பதை ஏழு வயதுப் பிள்ளை விரைவிலேயே கற்றுக்கொள்கிறது. பாட்டியிடம் கெட்ட எண்ணம் ஏதும் கிடையாது. மகள் பட்ட துன்பம் அவருக்குத் தாளவில்லை, அவ்வளவுதான்.

டிசம்பர் விடுமுறை வந்தால் அச்சம் வேறு உருவெடுக்கிறது. பிள்ளையின் பராமரிப்பு குறித்த நீதிமன்ற உத்தரவு நடப்பில் இருக்கும்போது, பராமரிக்கும் பெற்றோர் ஒரு மாதத்துக்குக் குறைவான காலத்துக்குப் பிள்ளையை வெளிநாடு கூட்டிச்செல்ல திருமணம், மணவிலக்கு தொடர்பான சட்டமான மாதர் சாசனம் இடமளிக்கிறது. அதற்கு மேல் என்றால் இருவரின் எழுத்துபூர்வ சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ வேண்டும். இந்தியாவோ, வேறு நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட பிள்ளையைத் திரும்ப அனுப்ப வழிசெய்யும், பிள்ளைக் கடத்தல் தொடர்பான ஹேக் உடன்படிக்கையில் சேராத நாடு. “ஊருக்குப் போய் வருகிறோம்” என்று தாத்தா பாட்டி இயல்பாகச் சொன்னாலே மறுதரப்பு வழக்கறிஞரிடம் ஓடுவதற்கு இதுவே காரணம். விமானச்சீட்டு எடுக்கும் முன் யார் யாருக்கு என்ன தெரிவிக்க வேண்டும் என்று தமிழில் பத்து நிமிடம் விளக்கியிருந்தால் நின்றிருக்கக்கூடிய மனுக்கள் பல.

தாத்தா பாட்டிக்குத் தனிச் சட்ட உரிமை கேட்டு நான் எழுதவில்லை. வழக்கில் மேலும் இரு தரப்பைச் சேர்த்தால் சண்டைதான் நீளும். பெற்றோர் சம்மதித்தால், பிள்ளையை அன்றாடம் பார்த்துக்கொள்பவர்களையும் ஆலோசனையின் ஓர் அமர்வுக்கு அழையுங்கள். அது அவர்களுக்குப் புரியும் தமிழில் நடக்கட்டும். உத்தரவின் சாரத்தையும், பிள்ளையை ஒப்படைக்கும் வேளையில் என்ன பேசலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். தீபாவளி எந்த ஆண்டு எந்த வீட்டில் என்பதும் அதில் இருந்துவிட்டால் நல்லது. அதற்காக நடக்கும் சண்டைகள் தனிக்கதை.

முதலில் ஒரு குடும்பச் சேவை நிலையத்தில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். சனிக்கிழமை காலையில் வைத்தால் பெரியவர்கள் வருவார்கள்.

பணிவன்புடன்,
குடும்ப நலத் தொண்டூழியர் ஒருவர்