வண்டியைப் பிரிக்கச் சொல்வதற்கு முன்னால்

அன்புள்ள அம்மிணிக்கு,

நேற்று ராத்திரி நீ வாட்ஸப்பில் அனுப்பிய டிராக்டர் கியர் சத்தத்தை நாலு தடவை போட்டுக் கேட்டுவிட்டேன். பேத்தி பாடி அனுப்பிய பாட்டைக்கூட நான் இத்தனை தடவை கேட்கவில்லை என்று உன் அம்மா வைதாள். போனிலேயே சொல்லிவிடலாம்தான். ஆனால் ஒரு கையில் போனும் ஒரு காலில் கிளட்சுமாக உட்கார்ந்துகொண்டு "என்னங்கப்பா, கேக்கலீங்கப்பா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை வண்டி மட்கார்டின் மேல் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்.

மெக்கானிக் வந்து, "கியர் பாக்ஸ் போச்சு, வண்டிய ரெண்டாப் பிரிக்கணும்" என்றாராமே. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. அடியில் குனிந்து பார்த்தாரா என்றுதான் கேட்கிறேன். மக்காச்சோளம் போட ஈரம் இருக்கிற நேரத்தில் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டால் அது எப்போது ஒன்று சேரும் என்று யாருக்கும் தெரியாது. அவருக்குச் சரி என்று சொல்வதற்கு முன்னால் ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்கு.

உன் மாமனார் ஓட்டிய அந்த மாஸி 1035 டிராக்டரில் கியர் எப்படி விழுகிறது என்று தெரிந்தால் பாதி புரிந்துவிடும். காரில் கியர் மாற்றும்போது உள்ளே இருக்கும் சிங்க்ரோ வளையம் இரண்டு பல்சக்கரத்தின் வேகத்தையும் சரிக்கட்டிச் சேர்த்துவிடும். இந்தப் பழைய வண்டியில் அது கிடையாது. ஒரு பல்சக்கரம் தண்டின் மேல் வழுக்கிப் போய் இன்னொன்றின் பல்லிடுக்கில் நேராக விழவேண்டும். வண்டி நின்றிருந்தால் ஒரு பக்கத்துப் பல் நின்றிருக்கும். மறுபக்கத்துப் பல்லை இன்ஜினிலிருந்து அறுத்து நிறுத்துவதுதான் கிளட்சின் வேலை. கிளட்ச் முழுசாக அறுக்கவில்லை என்றால் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், பல் கடிக்கும், காது கூசும். சத்தம் கியர் பாக்ஸுக்குள் கேட்கிறது என்பதற்காகக் கோளாறும் அங்கேதான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதலில் இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பார். ஏதாவது ஒன்று முட்டி நின்றால் பயப்படாதே, பல்லோடு பல் நேருக்கு நேர் நிற்கும். நியூட்ரலில் வைத்து மாப்பிள்ளையை வண்டியை ஒரு சாண் தள்ளச் சொல்லிவிட்டு மறுபடி போடு. இன்ஜின் நின்றிருக்கும்போது எல்லாக் கியரும் வெண்ணெயில் கத்தி போவது போல விழுந்தால், கியர் லீவரும் உள்ளே பல்சக்கரத்தைத் தள்ளுகிற ஃபோர்க்கும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம்.

அப்புறம் ஸ்டார்ட் செய்து, ஐடிலில் விட்டு, கிளட்சைத் தரைவரை மிதித்து, பத்து எண்ணு. அவசரப்படாதே. உள்ளே சுற்றும் தண்டு ஓய்வதற்கு நேரம் வேண்டும். பத்து எண்ணிய பிறகு சத்தமில்லாமல் விழுந்தால் தப்பு கிளட்சில் இல்லை, நம் அவசரத்தில்தான். பத்து எண்ணியும் கடித்தால் கிளட்ச் அறுக்கவில்லை. நீ அனுப்பியதில் 'கிர்ர்' என்று மூன்று நொடி இழுத்து, அப்புறம் மிதித்த பெடலை விடாமலே வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி முன்னால் போகிறது. நீ "அய்யோ" என்பதும் கேட்கிறது. அந்தக் குலுக்கல்தான் எனக்குச் சாட்சி. மிதித்திருக்கும்போதே வண்டி நகர்கிறது என்றால் பழி கிளட்சின் மேல்தான்.

இப்போது இன்ஜினை நிறுத்தி, சாவியை உருவி மடியில் போட்டுக்கொள். பின் டயருக்கு முன்னும் பின்னும் கல் வை. பாப்பாவை மாமியாரிடம் விட்டுவிட்டு, சாக்கு விரித்து அடியில் போய்ப் படு. கிளட்ச் பெடலை மாப்பிள்ளை கையால் மெதுவாக அழுத்தட்டும். பெடல் நகர்ந்ததும் அதோடு கோத்த கம்பி நகர்கிறதா, கம்பி நகர்ந்ததும் கிளட்சை மூடியிருக்கிற ஹவுசிங்குக்குள் போகிற தண்டு திரும்புகிறதா என்று பார். எங்கேயோ ஒரு இடத்தில் ஒன்று நகர்ந்தும் அடுத்தது சும்மா இருக்கும். பெடலில் நீ கொடுக்கிற மிதியெல்லாம் அங்கேதான் வீணாகிறது.

1998-ல் நம் வண்டிக்கு நடந்ததை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? அப்போது நீ பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. இதே சத்தம், இதே குலுக்கல். ஒரு பட்டறையில் விட்டேன். பிரித்தார்கள், புது கிளட்ச் பிளேட் போட்டார்கள், பதினோரு நாள் கழித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து முதல் கியர் போட்டால் கிர்ர். கடைசியில் நானே அடியில் படுத்துப் பெடலையும் கம்பியையும் கோத்திருந்த பின்னை உருவினேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் நடுவில் தேய்ந்து உடுக்கை மாதிரி இடுப்புச் சிறுத்துக் கிடந்தது. அது போகிற துளையும் முட்டை வடிவமாகியிருந்தது. பின்னை மாற்றி, துளைக்கு வெல்டிங் வைத்து மறுபடி துளைபோட்டு, பெடலின் ஃப்ரீ பிளேயைச் சரிசெய்த பிறகு வண்டி குழந்தை மாதிரி ஆகிவிட்டது. பிளேட்டுக்குக் கொடுத்த பணம் போனதுதான்.

ஃப்ரீ பிளே என்றது புரிந்ததா? பெடலை விரலால் அழுத்தினால் கனம் தெரிவதற்கு முன்னால் கொஞ்ச தூரம் சும்மா போகுமே, அதுதான். எவ்வளவு என்று மாமனார் பெட்டியில் இருக்கிற புத்தகத்தில் போட்டிருக்கும், அதன்படியே வை. அதிகமானால் கிளட்ச் அறுக்காது. இல்லாமலே போனால், பெடலை மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளுகிற ரிலீஸ் பேரிங் எப்போதும் உரசிக்கொண்டே இருந்து தேய்ந்துவிடும், பிளேட்டும் வழுக்க ஆரம்பிக்கும். வழுக்குகிற வண்டியை உனக்கே தெரியும். ஒன்பது கொத்துக் கலப்பையை இறக்கினால் இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது, கருகல் வாடை வரும்.

அடியில் இருக்கும்போதே இன்னொன்றும் பார்த்துவிடு. கிளட்ச் ஹவுசிங்கின் அடிவயிற்றில் ஒரு சின்னத் துளை இருக்கும், அதில் பெரும்பாலும் ஒரு ஸ்பிளிட் பின் ஆடிக்கொண்டிருக்கும். சேறு அடைத்திருந்தால் கம்பியால் குத்திவிடு. அங்கே எண்ணெய் சொட்டினால் இரண்டு விரலில் தொட்டுத் தேய். கறுப்பாக, நீர்த்து, டீசல் வாடையோடு இருந்தால் இன்ஜின் பக்கத்தில் எண்ணெயைத் தடுக்கிற சீல் போய்விட்டது. வெளுத்துக் கெட்டியாக, மூக்கைத் துளைக்கும் வாடையோடு இருந்தால் கியர் பக்கத்து சீல். இரண்டில் எதுவானாலும் வண்டியைப் பிரித்துத்தான் ஆகவேண்டும், மெக்கானிக் சொன்னதற்கு மறுப்பில்லை. பிரிக்கிறபோது கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு மூடவிடாதே. ரிலீஸ் பேரிங், இன்ஜினோடு சுற்றுகிற ஃப்ளைவீல் நடுவில் இருக்கிற சின்ன பேரிங், சீல் எல்லாவற்றையும் அதோடு மாற்றச் சொல். பிரிக்கிற கூலிக்கு முன்னால் அந்தச் சாமான்களின் விலை ஒன்றுமே இல்லை. கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டின் ஃபிங்கர் மூன்றும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று அளந்து காட்டச் சொல். பக்கத்தில் நின்று பார், கூச்சப்படாதே.

அந்தச் சின்ன பேரிங் இறுகிப்போனாலும் இதே கடி வரும். ஃப்ளைவீல் சுற்றுவதோடு கியர் தண்டையும் இழுத்துக்கொண்டு சுற்றும். அதை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கஷ்டம். கம்பி, பின், பெடல் எல்லாம் சரியாக இருந்தும் கடித்தால்தான் அந்தச் சந்தேகம்.

ஒன்று மறந்துவிட்டேன். ஆடியிலிருந்து வண்டி கொட்டகையில் சும்மாதான் நின்றது என்று மாப்பிள்ளை சொன்னாரே. மழையில் சாரல் பட்டு நின்றிருந்தால் கிளட்ச் பிளேட் துருவேறி ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். நேற்றுவரை ஓடிய வண்டிக்கு இது வராது, ஆனால் உன் வண்டி இந்த வாரம்தானே வெளியே வந்தது? அப்படி ஒட்டியிருந்தால் சில நேரம் பெடலை மிதித்து மரக்கட்டையால் முட்டுக்கொடுத்து, ஒரு ராத்திரி விட்டால் போதும். வண்டியை ஓட்டித்தான் பிளேட்டை விடுவிக்கவேண்டும் என்றால் நான் வந்தபின் செய்வோம், தனியாக வேண்டாம். இனிமேல் மழைக்காலத்தில் நிறுத்தும்போது பெடலுக்கு முட்டுக் கொடுத்தே நிறுத்து.

கியர் விழுந்தபின் தானாகக் கழன்று வந்தால் அது வேறு கதை, அப்போது தேய்ந்த ஃபோர்க், கியரை இடத்தில் பிடித்து வைக்கிற ஸ்பிரிங், குண்டு பக்கம் போகவேண்டும். உனக்கு அது இல்லை என்றாய், விட்டுவிடு.

மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். டிரெய்லர் ஓட்டும்போது அவர் இடது கால் கிளட்ச் மேலேயே இருக்கிறது. போன பொங்கலுக்குப் பார்த்தேன், விருந்தாளி வாயைத் திறக்கக்கூடாது என்று இருந்துவிட்டேன்.

பெடல் பின்னை உருவி, துடைத்து, ஐந்து ரூபாய்க் காசுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பு. 1998-ல் உருவிய பழைய பின் இன்னும் என் ஆணி டப்பாவில் கிடக்கிறது. அளவு ஒத்துவந்தால் கடையில் புதுசு வாங்கி, நாளைக் காலை பழனி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு யாரையாவது அனுப்பு.

அப்பா